மே/பா அழகையா

7ஆம் லயம் (தற்சமயம் பிள்ளைக்காம்பரா),
கீழ்ப்பிரிவு, செம்பாறைத் தோட்டம்,
பூனாகலை.
14 ஜனவரி 2026

அன்புத் தங்கச்சி சுதர்ஷினிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். என் சளியையும் லெட்சுமியின் முழங்கால் வலியையும் கழித்துவிட்டுப் பார்த்தால் சுகம். உன் வயிற்றெரிச்சல் எப்படி? கொழும்புச் சாப்பாட்டில் கொச்சிக்காயைக் குறைத்துக்கொள்.

அடுத்தவர் வாயால் உன் காதுக்கு வருமுன் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது பத்தொன்பது மனைவிமார்.

சிரிக்காதே. நீ வேலை செய்யும் தூதரகத்தின் முத்திரை குத்திய தாளில் அப்படித்தான் இருக்கிறது.

நவம்பர் மழைக்குப் பிறகு மண் பரிசோதிக்கும் ஐயாமார் வந்து, நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் ஓடியிருக்கும் வெடிப்புக்குள் ஒரு கம்பை விட்டுப் பார்த்தார்கள். கம்பு திரும்பி வரவில்லை. இருபத்துநாலு குடும்பமும் உடனே வெளியே என்றார்கள். அன்றிலிருந்து பழைய பிள்ளைக்காம்பராவில் இருக்கிறோம். குழந்தைகளைத் தூங்கவைத்த மண்டபத்தில் இப்போது பெரியவர்கள் தூங்காமல் கிடக்கிறோம். அப்போதுதான் உங்கள் தூதரகம், குடும்பத்துக்கு ஒரு தற்காலிக வீட்டுக்கான சாமான் தருவோம், படிவம் நிரப்பி அனுப்புங்கள் என்று ஒரு கட்டுத் தாளை அனுப்பியது. இங்கிலீஷ் படிவம். யார் நிரப்புவது? இருபத்தாறு வருஷம் தோட்டத்துத் தபால் பையைத் தூக்கி, துரையின் உறைகளில் உள்ள இங்கிலீஷையெல்லாம் வாசித்துக் கரைத்துக் குடித்த உன் அண்ணன்தான்.

விலாசக் கட்டத்தில் இருபத்துநாலிலும் ஒரே மாதிரி எழுதினேன். உனக்குத் தெரியாததா? லயத்தில் ஆருக்கு வீட்டு நம்பர் இருக்கிறது? கடிதம் என்றால் தோட்டத்துக் கந்தோருக்கு வரும், கந்தோரிலிருந்து என் பைக்கு வரும். அதனால் ஊரே பெயருக்குக் கீழே ‘மே/பா அழகையா’ என்றுதான் போடும். நானும் அதையே இங்கிலீஷில் ‘கேர் ஒஃப்’ என்று போட்டேன்.

போன சனிக்கிழமை லொறி வந்தது. இறங்கியது ஒரே ஒரு பொதி. ஒரு தறப்பாள், இரண்டு கம்பளி, ஒரு விளக்கு, ஒரு கேத்தல். கூடவே ஒரு தாள். குடும்பத் தலைவர் அழகையா. மனைவி என்ற இடத்தில் பத்தொன்பது பெயர். அவர்களுடைய புருஷன்மார் எல்லாம் என்னுடைய வயது வந்த மகன்மார். மொத்தம் தொண்ணூற்றேழு பேர்.

என்னைவிட இரண்டு வயது மூத்த நல்லையா, “அப்பா, ஒரு பீடி இருந்தா குடுங்க” என்கிறான். ஒன்பதாம் காம்பரா ரெங்கம்மா விதவை அல்லவா, அவளை ‘தங்கிவாழ்பவர்’ என்று போட்டிருக்கிறார்கள். “நான் ஒன்னய நம்பியா வாழுறேன்? எடு வெளக்குமாத்த” என்று வந்துவிட்டாள். லெட்சுமி சோறு போடுவதை நிறுத்திவிட்டாள். “இன்னும் பதினெட்டு பேரு இருக்காளுகல்ல, அவளுககிட்ட போயி தின்னுங்க.”

உங்கள் கம்ப்யூட்டரின் காதைத் திருகி இதைச் சரிசெய். டவர் சரிந்ததிலிருந்து என் போன் டோர்ச் லைட்டாக மட்டும் உழைக்கிறது. கடிதமும் நல்லதுதான். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பொங்கல் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள் உன் பத்தொன்பது அண்ணிமாரும்.

உன் அண்ணன்,
அழகையா

*

கொழும்பு 7,
27 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அண்ணியின் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன், நீங்கள் தலைக்குத் தேய்த்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து, சோறு மூக்கில் ஏறி, பக்கத்து மேசைப் பெண் முதுகில் அடித்தாள். பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பிறகு சிரிக்கவில்லை.

உங்கள் படிவங்கள் என் அலுமாரியில்தான் இருக்கின்றன, முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். விலாசத்தில் கடைசியாக வரும் பெயரைக் கம்ப்யூட்டர் குடும்பத் தலைவராக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியல் இப்போது இங்கே இல்லை, கடல் தாண்டிப் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன், கவனமாக வாசியுங்கள். இந்தத் தூதரகத்தின் அரசாங்கம் தன் பாராளுமன்றத்திடம் மேலதிகமாகப் பணம் கேட்கப் போகிறது. நம் நாட்டில் குறைநிரப்பு மதிப்பீடு என்பார்களே, அதே சங்கதி. கேட்பதில் இரண்டு பங்கு. ஒன்று, உங்களைப் போல வெளிநாடுகளில் அனர்த்தத்தில் மாட்டியவர்களுக்கான நிவாரணம். மற்றது, தூதரகங்களை நடத்துகிற செலவு. உங்களுக்கு வந்த பொதி கையிருப்பில் கிடந்தது. வீட்டுச் சாமான் வரவேண்டுமானால் அந்தக் கோரிக்கை நிறைவேற வேண்டும். உங்கள் பட்டியல் அந்தக் கோரிக்கையோடு ஆதாரமாகப் போயிருக்கிறது.

திருத்தச் சொல்லி மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை வாயை மூடிக்கொண்டிருங்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்துத்தானே நிரப்பினீர்கள்?

அன்புத் தங்கை,
சுதர்ஷினி

*

பூனாகலை,
9 பெப்ரவரி

அன்புத் தங்கச்சிக்கு,

தைலம் வந்தது, முழங்கால் மடங்குகிறது, சோறும் கிடைக்கிறது. நீ சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டு பக்கம் பார்த்தீர்களா, மூன்று பக்கம் பார்த்தீர்களா என்று நீ என்ன பரீட்சை மண்டபத்து மிஸ்ஸா? இங்கிலீஷ் படிவம் நிரப்ப எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஒரு மணித்தியாலத்தில் இருபத்துநாலு படிவம். நான் எழுத எழுத நல்லையா உருவி எடுத்து அடுக்கினான், காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற வேகம். அத்தனையும் என் மணியான கையெழுத்து. மிச்சத் தாள்களைப் பண்டாரவளை ஹாஷிம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். தடித்த வெள்ளைத் தாள், வடை மடித்தால் எண்ணெய் ஊறாது என்று நானாவுக்கு ஒரே சந்தோஷம்.

கேத்தலுக்கு முறை போட்டிருக்கிறோம். முதலாம் காம்பராவுக்கு விடியற்காலை, இருபத்துநாலாம் காம்பராவுக்குப் பிளேன்டீ குடிக்க மத்தியானம் ஆகிவிடுகிறது. அவர்கள் சாயங்காலத் தேத்தண்ணியை மறுநாள் குடிக்கிறார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம். பிள்ளைக்காம்பராவில் ஒரே அடுப்பு. அதனால் பெண்கள் பகலில் லயத்துக்கே திரும்பிப் போய்ச் சமைக்கிறார்கள். தடுத்தால் கேட்பதில்லை. வெடிப்பின் இரண்டு கரையிலும் நல்லையா ஒவ்வொரு செங்கல் வைத்து அடையாளம் பண்ணியிருந்தான். தைப்பொங்கலன்று நடுவில் விரல் போனது. இப்போது என் செருப்புப் போகிறது. சித்திரை மழை இறங்குமுன் சாமான் வந்து நாங்கள் கீழே விளையாட்டுத் திடலுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

நீ சொன்னபடி வாயை மூடிவிட்டேன். நல்லையாவிடம் மட்டும் சொன்னேன். நல்லையா அவன் பெண்சாதியிடம் மட்டும் சொன்னான். அவள் கொழுந்து மலையில் மட்டும் சொன்னாள்.

உன் அண்ணன்,
அழகையா

*

கொழும்பு 7,
3 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு செய்தி. அதை எப்படி எழுதுவதென்று மூன்று நாளாக யோசித்தேன். அந்த நாட்டு அமைச்சர் போன கிழமை பாராளுமன்றத்தில் எழுந்து மேலதிகப் பணம் கேட்டிருக்கிறார். கேட்கும்போது, “அந்த மலையில் தொண்ணூற்றேழு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறது” என்றாராம். எதிர்க்கட்சிக்காரர் கூட வாயடைத்துப் போனார்களாம். அங்கே பத்திரிகையெல்லாம் இதே பேச்சு. நீங்கள் பிரபலமாகிவிட்டீர்கள் அண்ணே, பெயர் மட்டும் போடவில்லை.

என் திருத்தக் குறிப்பு மேலதிகாரியின் மேசையில் கிடக்கிறது. “வாக்கெடுப்பு முடியட்டும்” என்கிறார். நான் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். யோசித்தால் அமைச்சர் பொய்யும் சொல்லவில்லை. நம் லயத்துக்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே தகரக் கூரைதானே.

நிவாரணப் பங்குக்கு இப்போது எதிர்ப்பே இல்லை. சத்தமெல்லாம் இரண்டாவது பங்கில்தான். தூர தேசத்தில் இத்தனை தூதரகம் எதற்கு, இத்தனை ஆட்கள் எதற்கு என்று கேட்கிறார்களாம். அது உங்களுக்குத் தேவையில்லாத கதை.

ஆறு கிழமை பொறுங்கள். பெண்களை லயத்துக்குப் போகவிடாதீர்கள்.

தங்கை,
சுதர்ஷினி

*

பூனாகலை,
12 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

சுகத்தைப் பற்றி எழுதப் பொறுமையில்லை, நீயே நல்லபடியாக நினைத்துக்கொள்.

ஆறு கிழமையா? உன் மேலதிகாரியை இங்கே கூட்டிவந்து அந்த வெடிப்பில் ஒரு காலை விட்டு ஆறு கிழமை நிற்கச் சொல். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. தபால் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நேற்று துரையின் கடிதங்களைக் கோயில் உண்டியல் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே உன் அண்ணன் பேனாவை எடுத்துவிட்டான். அந்த நாட்டுச் சபாநாயகருக்கே ஒரு பெட்டிசம். இங்கிலீஷில். மூன்று பக்கம். உனக்காகத் தமிழில் சுருக்கித் தருகிறேன்:

“மாண்புமிகு ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வதாவது: நான் பத்தொன்பது மனைவிகளின் கணவன் அல்லேன். எனக்கு ஒரே மனைவி, அவரே போதுமென்று பலமுறை உணர்ந்திருக்கிறேன். நாங்கள் இருபத்துநாலு குடும்பம், இருபத்துநாலு அடுப்பு. எங்களுக்கு ஒரு கேத்தல் போதாது. இந்தப் பிழைக்கு நாங்கள் பொறுப்பல்ல, தங்கள் தூதரகமே பொறுப்பு. படிவம் இங்கிலீஷில் மட்டுமே இருந்தது. விளக்கம் எதுவும் தரப்படவில்லை.”

எப்படி? கடைசி இரண்டு வரியும் சவுக்கு மாதிரி இல்லையா? பிள்ளைக்காம்பராவில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கை தட்டினார்கள். ரெங்கம்மா மட்டும், “இவன் எழுதி எது நடந்துச்சு? தண்ணிக் குழாய்க்கு எழுதுனான், கக்கூஸ் கட்டிக் குடுத்தாங்க” என்றாள்.

நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது.

உன் அண்ணன்,
அழகையா

*

கொழும்பு 7,
17 மார்ச்

அண்ணே,

சுகம் விசாரிக்க நேரமில்லை. பெட்டிசத்தை இன்னும் அனுப்பாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

படிவத்தில் நீங்கள் ஒப்பம் வைத்த இடத்துக்கு மேலே ஒரு வரி இருக்கிறது. தந்த தகவல் பிழையென்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று. நீங்கள் இருபத்துநாலிலும் நிரப்புநராக ஒப்பம் வைத்திருக்கிறீர்கள்.

சுதர்ஷினி

*

பூனாகலை,
11 ஏப்ரல்

அன்புத் தங்கச்சிக்கு,

புது வருஷம் உனக்காவது நன்றாகப் பிறக்கட்டும். எங்களுக்கு அது மழையோடு பிறக்கப் போகிறது.

நீ கடிதம் எழுதுவதற்கு நாலு நாள் முன்பே பெட்டிசம் போய்விட்டது. பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் குத்தி வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தை வாசித்த பிறகு அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் மத்தியானம் மழை. பத்து நிமிஷம்கூட இல்லை. ஒன்பதாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பின்சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சமைக்கப் போன பெண்கள் மழையைக் கண்டதும் இறங்கிவந்துவிட்டார்கள். ரெங்கம்மா மட்டும் தேங்காய் துருவலையை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போயிருக்கிறாள். நானும் நல்லையாவும் ஓடினோம். அவள் வாசலில் கல்லுக்கு நடுவில் கால் மாட்டி உட்கார்ந்திருந்தாள், துருவலை மடியில். என்னைப் பார்த்ததும், “என்னடா தலைவரே, குடும்பத்தில ஒரு ஆளு கொறஞ்சா சாமான் குறைப்பாய்ங்களா?” என்றாள். அப்புறம்தான் அழுதாள். பதுளை ஆஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள்.

தங்கச்சி, ஒன்றை மறைக்காமல் சொல். நிராகரிப்பார்களா? இங்கே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், “என்ன தபாலு, பதில் வந்துச்சா?” என்று கேட்கிறார்கள். அந்த ஒரு வரியைப் பற்றி நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் காத்த முதல் ரகசியம் இதுதான். வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று இப்போது விளங்குகிறது.

உன் அண்ணன்,
அழகையா

*

பூனாகலை,
21 மே

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமா? ஏப்ரலில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. டவரை நிமிர்த்திவிட்டார்கள், போன் எடுத்தால் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. வேலை அதிகம் என்று லெட்சுமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்டிசம் பலித்துவிட்டது! அல்லது பாழாக்கிவிட்டது, எது என்று தெரியவில்லை. விசாரிக்க அந்த நாட்டிலிருந்தே ஒரு அம்மா வந்தார். நீயும் கூட வருவாய் என்று லெட்சுமி கோழி அடித்தாள். வந்தவர் வேறொரு மொழிபெயர்ப்பாளர். வானொலிச் செய்தி வாசிப்பது போலத் தமிழ் பேசுகிறார். “தங்களது இல்லம் யாண்டு உளது?” என்று நல்லையாவிடம் கேட்டார். நல்லையா என்னைப் பார்த்து, “என்னங்க, ஐயரா இவரு?” என்றான்.

அந்த அம்மா நல்லவர். மழைக் கோட்டுப் போட்டுக்கொண்டு லயத்தை முழுக்கச் சுற்றினார். கதவுகளை எண்ணினார். இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு. கூரையை அண்ணாந்து பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். ஊன்றுகோலோடு நின்ற ரெங்கம்மாவிடம், “இவர் உங்கள் குடும்பத் தலைவரா?” என்று கேட்டார். “இவனா? இவன் வீட்டுக்கே இவன் தலைவன் இல்ல தாயி, லெட்சுமியக் கேளுங்க.” மொழிபெயர்த்ததும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். படிவத்தை உங்களுக்கு யாராவது விளங்கப்படுத்தினார்களா? ஒருவருமில்லை என்றேன். தமிழில் ஒன்றும் இருக்கவில்லையா? இல்லை, வெறும் இங்கிலீஷ் என்றேன். நிச்சயமாகவா? காளியம்மன் மேல் சத்தியம் பண்ணினேன். பெட்டிசத்தில் எழுதியதை மாற்றிச் சொன்னால் பொய்க்காரன் ஆகிவிடுவேன் அல்லவா? அவர் எழுதிக்கொண்டார். அவர்களைக் கூட்டிவந்த சாரதி புஹாரி, முன்பு உன் பார்சலைக் கொண்டுவந்து தந்தாரே அவர்தான், பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக் கறியும் அவர் சாப்பிடவில்லை.

இப்போது காத்திருக்கிறோம். மழை பொறுத்திருக்கிறது. ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
அழகையா

*

மே/பா றஷீதா டீச்சர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.
26 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதுவதற்கும் மன்னியுங்கள், இதுதான் கையில் இருந்தது. அறை மாறியிருக்கிறேன். இது காற்றோட்டமான இடம், கடற்காற்று வரும். இனி இந்த விலாசத்துக்கே எழுதுங்கள்.

நல்ல செய்தியைச் சொல்கிறேன். வாக்கெடுப்பு முடிந்தது. நிவாரணப் பங்கு முழுதாக நிறைவேறிவிட்டது. மற்றதை வெட்டிவிட்டார்கள். உங்கள் பட்டியலும் திருத்தப்பட்டுவிட்டது. இருபத்துநாலு குடும்பம், இருபத்துநாலு தலைவர். ஒருவரையும் நிராகரிக்கவில்லை. பிழை அலுவலகத்தின் பக்கம்தான் என்று விசாரணையில் முடிவாகிவிட்டது. பயப்படாமல் சாப்பிடுங்கள்.

சாமான் ஜூலை நடுவில் வரும். ரெங்கம்மா அக்காவின் கால் எப்படி?

தங்கை,
சுதர்ஷினி

*

விளையாட்டுத் திடல்,
செம்பாறைத் தோட்டம்.
30 ஜூலை

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

நாலு லொறி வந்தது. தகரம், பலகை, ஆணி, கதவு, ஜன்னல், ஆளுக்கொரு கேத்தல். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகப் போய் ஒப்பம் வைத்தார்கள். நல்லையா தன் பெயருக்கு முன்னால் ‘குடும்பத் தலைவர்’ என்று கேட்டதும், “இனிமே ஒங்கள அப்பான்னு கூப்பிட மாட்டேன், பீடிய நானே வாங்கிக்கிறேன்” என்றான். எனக்கு ஒரே நாளில் பதினெட்டு மனைவிமாரை விவாகரத்துச் செய்த களைப்பு. பதினாறு வீடு எழும்பிவிட்டது. ரெங்கம்மா கதிரை போட்டு உட்கார்ந்து ஆணி அடிக்கிறவர்களை ஏசுகிறாள். பழைய லயம் போன கிழமை மலையோடு சரிந்து ஆற்றுக்குப் போனது. உள்ளே ஒரு பூனைகூட இல்லை.

இதுவரை எழுதியது சந்தோஷம். இனிமேல் கோபம்.

லொறியோடு புஹாரி வந்திருந்தார். “சுதர்ஷினி மிஸ் ஏன் வரல்ல?” என்றேன். “மிஸ் இப்ப ஒபிஸ்ல இல்லயே. ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டுச் சிகரெட்டைக் கீழே போட்டார். அப்புறம்தான் சொன்னார். பணம் வெட்டினதால் தூதரகத்தில் உள்ளூர் ஆட்களைக் குறைத்தார்களாம். ஆரை நிறுத்துவது என்று பார்த்தபோது, தமிழ்ப் பக்கம் அச்சடிக்காமல் செம்பாறைக்குப் படிவத்தை அனுப்பியது தன் கவனயீனம் என்று நீயே எழுதிக் கொடுத்திருந்தாயாம். முதலில் உன் பெயரைத்தான் வெட்டினார்களாம். ஏப்ரலிலேயே.

நீயா தங்கச்சி மறந்தாய்? சின்ன வயதில் என் கொப்பிக்குக்கூட உறை போட்டுத் தந்தவள் நீ. தமிழ்ப் பக்கத்தை அச்சடிக்க எப்படி மறப்பாய்? சரி, மனுஷ மூளைதானே, நான் துரையின் கடிதத்தை உண்டியலில் விட்டேன், நீ ஒரு பக்கத்தை விட்டாய். அதற்காக வேலையைப் பறிப்பதா? உன் பிழையால் இங்கே ஒருவரும் சாகவில்லை. நான் மன்னித்துவிட்டேன், ரெங்கம்மாகூட மன்னித்துவிட்டாள்.

விசாரிக்க வந்த அந்த அம்மாவுக்கே ஒரு பெட்டிசம் எழுதத் தொடங்கிவிட்டேன். உன்னைத் திரும்ப வேலைக்கு எடுக்காமல் என் பேனா ஓயாது.

உன் அண்ணன்,
அழகையா

*

கொட்டாஞ்சேனை,
10 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். வயிற்றெரிச்சல் இப்போது அவ்வளவு இல்லை.

பெட்டிசம் வேண்டாம். றஷீதா டீச்சரின் மொழிபெயர்ப்புக் கடையில் வேலை செய்கிறேன். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, எல்லாம் வருகிறது. சின்ன வேலைதான், நிம்மதி. வேண்டாம் என்று மறுபடியும் எழுதுகிறேன், ஒரு முறை சொன்னால் உங்களுக்குக் கேட்காது.

வீட்டு நம்பர் என்ன? இத்தனை பக்கம் எழுதினீர்கள், அதைச் சொல்லவே இல்லையே.

தங்கை,
சுதர்ஷினி

*

இல. 11, திடல் வீடுகள்,
செம்பாறைத் தோட்டம், பூனாகலை.
23 ஆகஸ்ட்

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நம்பர் மேலே இருக்கிறது. பதினொன்று. லெட்சுமி அதற்குச் சுண்ணாம்பில் ஒரு வட்டமும் போட்டு வைத்திருக்கிறாள்.

நீ வேண்டாம் என்றதையும் மீறிப் பெட்டிசத்தை எழுதி முடித்தேன். ஐந்து பக்கம். வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் போடப் பண்டாரவளைக்குப் போனேன். தபால் கந்தோர் திறக்க நேரம் இருந்ததால் ஹாஷிம் நானா கடையில் உட்கார்ந்தேன்.

“என்ன தபால், இன்டைக்கும் பெட்டிசமா? ஆரு மாட்டினது?” என்றார் நானா.

“தங்கச்சி ஒரு பிழை விட்டுட்டா நானா. அதச் சரிபண்ணணும்.”

“தங்கச்சிமாரு பிழை விட்டா அண்ணன்மாருதான் பாக்கோணும்,” என்று சொல்லிவிட்டு இரண்டு வடையை மடித்து என் கையில் வைத்தார்.

பெட்டிசத்தைப் போடவில்லை. அது இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறாமல் பூனாகலைச் சந்திவரை நடந்தே வந்தேன். கேட்ட லெட்சுமியிடம் பஸ் இல்லை என்றேன். உனக்கு என்ன எழுதுவதென்று இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஐப்பசியில் லீவு கிடைத்தால் வா. றஷீதா டீச்சரையும் கூட்டிவா. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
அழகையா

பி.கு.: வடை மடித்திருந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணெய் ஊறவில்லை. முன்பக்கம் இங்கிலீஷ். பின்பக்கம் முழுக்கத் தமிழ். மூன்றாவது குறிப்பு: ‘லயத்தில் இருப்பவர்கள் மே/பா போட வேண்டாம். காம்பரா நம்பரை எழுதவும்.’